ஒரு சிமிட்டலுக்கு எவ்வளவு

"தாடையை இங்க வச்சுக்குங்க மேடம், நெத்தி இந்தப் பட்டையில ஒட்டியிருக்கணும்" என்கிறாள். வைத்துக்கொள்கிறேன். வைத்த பிறகுதான் உறைக்கிறது, இனி அரை மணி நேரத்துக்கு அவள் என் கண்ணைப் பார்க்கலாம், நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. வந்ததே அவளைப் பார்க்கத்தான். அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தம்பியிடம் மூச்சு விடாமல், சத்திரம் பஸ் நிலையத்தில் வண்டி மாறி, சமயபுரம் போகிற கூட்டத்தில் நசுங்கி இந்தக் கண் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது, கட்டிக்கொண்டால் இவளைத்தான் என்று பரிதி சொல்லும் இந்தச் சங்கவி எப்படிப்பட்டவள் என்று அவளுக்கே தெரியாமல் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான். இப்போது முகத்துக்கு நேரே ஒரு நீல வெளிச்சம், அதன் நடுவில் கடுகளவு சிவப்புப் புள்ளி, வெளிச்சத்துக்குப் பின்னால் மூச்சு விடும் ஓர் உருவம். டக். மேசைமேல் ஒரு சின்னப் பெட்டி தட்டுகிறது. அது தட்டும்போது இமைக்க வேண்டும், தட்டாதபோது இமைக்கக் கூடாது. டக். இமைக்கிறேன். பிறந்ததிலிருந்து யாரையும் கேட்காமல் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு இன்றைக்கு ஒரு பெட்டியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டிருக்கிறேன். தொண்டையில் எச்சில் சேர்கிறது, விழுங்கலாமா கூடாதா என்று அவள் சொல்லவில்லை. விழுங்கினால் தாடை அசையும். அசைந்தால் அவள் எதையாவது கண்டுபிடிப்பாள். என்ன கண்டுபிடிப்பாள்? வலது கண்ணில் இருப்பது லென்ஸும் அதற்கு அடியில் ஒரு துளி சாயமும்தான். என் பெயரையோ ஊரையோ யாருடைய அக்கா என்பதையோ அதில் படிக்க முடியாது. டக். முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நன்றாகத்தான் விளக்கினாள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "நீங்க போட்டிருக்கிற சாஃப்ட் லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு படலம் கண்ணீர் இருக்கும் மேடம். ஒவ்வொரு தடவை இமைக்கிறப்பவும் பழைய கண்ணீர் கொஞ்சம் வெளியே போயி புதுசு கொஞ்சம் உள்ள வரும். எவ்வளவு மாறுதுன்னு பாக்கறோம். லென்ஸ் குழியில ஒரு சொட்டு சாயம் விட்டு அப்படியே கண்ணுல வச்சிடுவேன். நீல வெளிச்சத்துல சாயம் பச்சையா மின்னும். புதுக் கண்ணீர் உள்ள வர வர மின்னல் குறையும், அதை மெஷின் அளக்கும். அவ்வளவுதான்." சாயம் லென்ஸுக்குள்ளேயே ஊறிவிடாதா என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டும், அவள் குரல் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். "நல்ல கேள்வி மேடம். சாதாரண சாயம்னா ஊறிடும். இது பெரிய பெரிய மூலக்கூறு, லென்ஸுக்குள்ள நுழையாது." குரல் மாறவில்லை. "எவ்வளவுதான் மாறும்?" என்றேன். "சாஃப்ட் லென்ஸ்ல ரொம்பக் கொஞ்சம். ஒரு சிமிட்டலுக்கு நூத்துல ஒண்ணோ ரெண்டோ பங்கு, அவ்வளவுதான். உள்ள சிக்கின அழுக்கு சட்டுனு வெளிய வராது, அங்கேயே கிடக்கும். அதனாலதான் போட்டுக்கிட்டே தூங்காதீங்கன்னு சொல்றோம். நீங்க தூங்குவீங்களா?" இல்லை என்றேன். பொய். பல நாள் அப்படியேதான் தூங்கிப்போகிறேன். "கண்ணுக்கு ஒண்ணும் ஆயிடாதே?" "ஒண்ணும் ஆகாது மேடம்." ஒண்ணும். அந்த வார்த்தை முள் மாதிரி மாட்டிக்கொண்டது. விசாரிக்க ஒண்ணும் இல்லக்கா. தட்டில் தோசையைப் பிய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், பரிதி சொன்னானே, அதே ஒண்ணும். டக்.

இளம்பரிதி என்று அப்பா வைத்த பெயர், எனக்கு மங்கையர்க்கரசி. வீட்டில் அவன் பரிதி, நான் அரசி. இந்த ஆராய்ச்சிக்குக் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் தேவை என்று கல்லூரி வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுப் போன் செய்தபோது எம். அரசி என்றுதான் சொன்னேன். பொய் இல்லை, பாதி பெயர். பரிதி இங்கே வந்துபோகிறவன். கண் பரிசோதனை மெஷின்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை, மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுவான். இந்த மெஷினைக்கூட அவன்தான் திறந்து மூடியிருப்பான். என் தாடை அழுந்தியிருக்கும் இந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்தை அவன்தான் திருகி முடுக்கியிருப்பான், பக்கத்தில் இவள் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருப்பாள், சிரித்திருப்பாள். அப்படித்தான் ஆரம்பித்திருக்கும். சட்டையை அவனே இஸ்திரி போட ஆரம்பித்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. போன் வந்தால் துணி காயப்போடும் பக்கம் போய்விடுவான், அங்கே சிக்னல் நல்லா இருக்காம். ஒரு நாள் நான் துணி எடுக்கிற சாக்கில் போனேன், பேச்சை நிறுத்திவிட்டு ஆகாயத்தைப் பார்த்தான். "மழை வரும் போல இருக்குல்லக்கா" என்றான். வானத்தில் ஒரு மேகம் இல்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேனடா நான், விற்கிறவன் ஒரு பக்கமும் வாங்குகிறவன் ஒரு பக்கமும் நிற்க, சாட்சிக்காரன் யாருடைய ஆள் என்று அவன் நிற்கிற நிலையை வைத்தே சொல்லிவிடுவேன், என்னிடமா மழை என்கிறாய்? ஆனால் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் ஆழமாக ஒளித்துவிடுவான். சின்ன வயதிலும் அப்படித்தான். திட்டுவேன் என்று பயந்து, உடைந்த கண்ணாடித் தம்ளரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வயிற்றில் கீறிக்கொண்டு வந்தவன்.

"முதல் ரீடிங் எடுத்துட்டேன் மேடம். நல்லா இருக்கு. நீங்க சிவப்புப் புள்ளியை மட்டும் பாருங்க." குரலில் ஒரு நடுக்கம் இருந்ததா? சின்ன நடுக்கம், 'பாருங்க'வில். இருந்த மாதிரி இருந்தது. இல்லை, அவள் திரும்பி எதையோ எடுத்திருப்பாள், அதனால் குரல் தள்ளிப் போயிருக்கும். அவள் உட்காரும் முன் ஒரு முறை முழுசாகப் பார்த்தேன். உயரம் அவ்வளவு இல்லை, மாநிறம், முடியை இறுக்கி ஒரே கொண்டை, காதில் பொட்டு மாதிரி ஒரு கம்மல், வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே பாசிப் பச்சையில் சுடிதார். கழுத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததும் எனக்குச் சந்தேகம்தான். இந்த அறைக்குள் செருப்பு போட்டுக்கொண்டு வரக் கூடாதாம், வாசலிலேயே கழற்றினோம், அப்போது குனிந்து அவள் கால் விரலைப் பார்த்தேன். மெட்டி போட்ட தடம் இருக்கிறதா என்று. இரண்டாவது விரலில் வெளுப்பாக ஒரு வளையம். தடமா செருப்பு வாரா? வார் என்றால் கட்டை விரலுக்குப் பக்கத்தில்தானே இருக்கும்? அவள் காலை இழுத்துக்கொண்டாள். நான் பார்ப்பதைப் பார்த்து இழுத்தாளா, தரை சில்லென்று இருந்ததால் இழுத்தாளா? டக். இமைக்கும்போது அந்தக் கால் விரல் வருகிறது, திறந்தால் சிவப்புப் புள்ளி வருகிறது.

அந்தப் போன் மட்டும் வராமல் இருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். அலுவலகத்தில் ஒரு பாகப்பிரிவினை, அண்ணன் தம்பிகள் கத்திக்கொண்டிருந்தார்கள், செல்போன் அடித்தது, எடுத்தால் ஒரு பெண் குரல், வயசான குரல், "இளம்பரிதியோட அக்காங்களா?" என்றது. ஆமாம் என்றேன். "அந்தச் சங்கவிப் பொண்ணுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆயிருக்கு, உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றது. நான் "யாருங்க பேசறது?" என்றேன். மறுபடியும் "நீங்க யாரு? உங்களுக்கு எப்படி என் நம்பர் கிடைச்சுது?" என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம் வைத்துவிட்டார்கள். திருப்பி அடித்தால் எடுக்கவில்லை. அன்றைக்கு முழுக்க முத்திரைத்தாளில் என் கண் ஓடவே இல்லை. யார் அது? பொறாமைக்காரியா? பழைய மாமியாரா? கல்யாணம் ஆகியிருந்தால் பரிதிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தால் என்னிடம் சொல்லாமலா இருப்பான்? மற்ற எதை ஒளித்தாலும் இதை ஒளிக்க மாட்டான், எனக்கு என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன். அப்படியானால் அவனுக்குத் தெரியாது. அப்படியானால் இவள் ஒளிக்கிறாள். எனக்கு ஒளித்த மாதிரியே என் தம்பிக்கும் ஒருத்தி ஒளிக்கிறாள். இந்த முடிவுக்கு வந்ததும் மனசு ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட ஆனது, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. தெரிந்த வியாதி திரும்பி வந்தால் மருந்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்றாவது தெரியுமே, அந்த மாதிரி ஒரு நிம்மதி.

அந்த மனிதரைப் பற்றி நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், ஆனால் அசையாமல் உட்கார வைத்தால் அதுதானே வரும். அவரும் நன்றாகத்தான் பேசுவார். பெண் பார்க்க வந்தபோது தடிமனான கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் முதலாக இந்த லென்ஸைப் போட்டுக்கொண்டு நின்றேன், கண் இரண்டும் எரிந்து வழிந்தது. "எதுக்கு சிரமப்படுறீங்க, கண்ணாடியே போட்டுக்குங்க" என்றார். அதற்காகவே சரி என்றேன். தஞ்சாவூரில் வாடகை வீடு. மூன்றாவது மாதம் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன், நின்றபடியே அண்ணாந்து முழுசும் குடித்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு செம்பை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் அவரு சம்சாரம்" என்றாள். சண்டை போடவில்லை. "உங்க மேல தப்பு இல்லைங்க" என்றாள். மாமியார் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தரகருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது. கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு முகமாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன், அவர்களும் அதே மாதிரி எனக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டு சிரித்தவர்கள்தானா என்று. பரிதிதான் வேன் பிடித்துக்கொண்டு வந்து என்னையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு போனான். தஞ்சாவூர் எல்லைக் கைகாட்டிப் பலகையைத் தாண்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், வீடு வரும்வரை விடவில்லை. அதற்கப்புறம் நான் கண்ணாடிக்குத் திரும்பவே இல்லை. யாராவது கண்ணாடியே போட்டுக்குங்க என்று கனிவாகச் சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது.

"எரியுதா மேடம்?" இல்லை என்று உதட்டை மட்டும் அசைக்கிறேன். "உங்களுக்கு வழக்கத்தைவிட வேகமா குறையுது. கண்ணு கலங்குதோன்னு பாத்தேன்." "லைட்டு" என்கிறேன். "லைட்டைக் கொஞ்சம் குறைச்சிக்கலாம்." குறைக்கிறாள். எதற்கு இவ்வளவு அக்கறை? வருகிற எல்லோரிடமும் இப்படியா? எனக்கு முன்னால் வந்த காலேஜ் பெண் வெளியே போகும்போது இவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள்? வயதுக்கு மரியாதையா? எனக்கென்ன அவ்வளவு வயதா தெரிகிறது? லென்ஸைக் கண்ணில் வைக்கும்போது அவள் விரல் நுனி என் கன்னத்தில் பட்டது, ஐஸ் மாதிரி இருந்தது. ஏசி அறை, இருக்கும்தான். ஆனால் பயந்தாலும் கை சில்லிடும். தெரிந்துகொண்டுவிட்டாளோ? தெரிந்தால் என்ன செய்வாள்? கண்ணைக் கொண்டுவந்து இவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சாயம் என்று சொல்லி எதை விட்டாளோ. தன் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கப்போகிறவள் நான்தான் என்று அவள் நினைத்திருந்தால்? சீ. என்ன புத்தி இது. படித்த பெண், அரசாங்கம் பணம் கொடுக்கும் ஆராய்ச்சி, பக்கத்து அறையில் ஆட்கள். ஆனாலும் வலது கண்ணின் ஓரத்தில் ஏதோ உறுத்துகிறது. முன்பே உறுத்தியதா, நினைத்த பிறகு உறுத்துகிறதா? டக். டக். பெட்டி வேகமாகத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. அது ஒரே சீராகத்தான் தட்டும், அதற்கு என் மனசு தெரியாது.

கதவு திறக்கிறது. யாரோ, ஆண் குரல், "சங்கவி, உங்க அம்மா லைன்ல இருக்காங்க, ஆபீஸ் நம்பர்ல" என்கிறது. "அப்புறம் பேசறேன்னு சொல்லிடுங்க சார்." "அவங்க வந்துட்டாங்களான்னு கேட்டாங்க." ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் பெட்டி ஒரு முறை தட்டுகிறது. "அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க சார்" என்கிறாள், இந்த முறை மெதுவாக. கதவு மூடுகிறது. அவங்க வந்துட்டாங்களா. எவங்க? இங்கே வந்திருப்பது நான். இல்லை, வேறு யாரோ வரவேண்டியிருக்கும், விருந்தாளி, மெஷின்காரர், பரிதி. பரிதியா? பரிதி இன்றைக்குப் பெரம்பலூரில் இருப்பதாகச் சொன்னான். சொன்னான். அவன் இங்கே வந்து இந்தக் கதவைத் திறந்தால் நான் எப்படி இருப்பேன்? தாடையைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, கண்ணுக்குள் பச்சையாக மின்னிக்கொண்டு, குழாயடியில் மாட்டிக்கொண்ட திருடி மாதிரி. என்ன சொல்வேன்? ஆராய்ச்சிக்கு வந்தேன் என்றா? வானத்தைப் பார்த்து மழை வரும் போல இருக்கு என்றா? எழுந்து போய்விடலாம் என்று கால் பரபரக்கிறது. எழுந்தால் லென்ஸை யார் எடுப்பது, சாயத்தோடு பஸ்ஸில் எப்படிப் போவது. உட்கார்ந்திருக்கிறேன். அவள் மூச்சு வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் சீராக இல்லை. என் மூச்சும் சீராக இல்லை. இரண்டு பேரின் மூச்சும் மேசைக்கு மேல் ஒன்றோடொன்று முட்டுகிற அளவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், இவ்வளவு பக்கத்தில் யாரோடும் நான் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது.

கேட்டுவிட்டால் என்ன? நேராக. உனக்கு முன்னால் கல்யாணம் ஆகியிருக்கிறதா அம்மா? அலுவலகத்தில் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன், இதற்கு முன் மணமானவரா, ஆம், இல்லை, பொருந்தாததை அடிக்கவும். கேட்டால் அவள் இல்லை என்பாள். இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன். ஆம் என்றால், ஆம் என்றால் என்ன செய்வேன் என்று நான் யோசிக்கவே இல்லை. இத்தனை நாள் விசாரித்து, துறையூரில் அவள் வீடு இருக்கும் தெரு வரை போய், மூலைக் கடையில் பன்னீர் சோடா குடித்துவிட்டு யாரையும் எதுவும் கேட்காமல் திரும்பி வந்து, இவ்வளவும் செய்தவள் அதை யோசிக்கவில்லை. முன்னால் கல்யாணம் ஆனால் என்ன? எனக்கு ஆகவில்லையா? என்னை யாராவது, சரி, என்னை யாரும் கேட்கவில்லை, அது வேறு. கல்யாணம் ஆனது குற்றம் இல்லை. ஒளிக்கிறாளே, அதுதான். ஒளிக்கிறாள் என்று எப்படித் தெரியும்? பரிதிக்குத் தெரியாது. பரிதிக்குத் தெரியாது என்று எப்படித் தெரியும்? தெரிந்தால் சொல்லியிருப்பான். சொல்லியிருப்பானா? இந்த இடத்தில் போய் நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து வருகிறேன், மறுபடி இங்கேயே வந்து நிற்கிறது. தோசையைப் பிய்க்கிறான், என் முகத்தைப் பார்க்கவில்லை, விசாரிக்க ஒண்ணும் இல்லக்கா என்கிறான். சொல்ல ஒன்றும் இல்லை என்று அவன் சொல்லவில்லை. டக்.

பெட்டி நின்றுவிடுகிறது. நீல வெளிச்சம் அணைகிறது. "முடிஞ்சிடுச்சு. தாடையை எடுத்துக்கலாம்." கழுத்து மரத்துப் போயிருக்கிறது. என் வலது கண்ணிலிருந்து லென்ஸை எடுக்கிறாள், உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறாள், பஞ்சில் மஞ்சளாக ஒட்டுகிறது. அந்தக் கண்ணில் எல்லாம் புகையாக இருக்கிறது, இடது கண்ணில் அவள் முகம் தெளிவாக இருக்கிறது. பஞ்சைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த கண் இருக்கிறது என்று சொல்லப்போகிறாள் என்று நினைக்கிறேன்.

"நீங்க பரிதியோட அக்காதானே" என்கிறாள்.

கதவுப் பக்கம் பார்க்கிறேன். "வாசல்ல செருப்பு கழட்டுறப்பவே தெரிஞ்சிடுச்சு. போட்டோவுல பாத்திருக்கேன். அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன், அவங்கதான் பதறிப்போய், நிஜமாவே நீங்க வந்துட்டீங்களான்னு கேக்க ஆபீசுக்கு அடிச்சிருக்காங்க. உடனே கேட்டிருக்கணும். அரை மணி நேரம் நீங்க எழுந்து போக முடியாது, அதுக்குள்ள எப்படியாவது பேசிடணும்னு பாத்தேன். வாய் வரல." கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசுகிறாள். அந்த விரல் சில்லென்று இருந்தது ஏசியால் இல்லை. "ஒரு போன் வந்துச்சு" என்கிறேன். அவள் தலையாட்டுகிறாள். "எங்கம்மாதான் பேசினாங்க. நான்தான் பேசச் சொன்னேன்."

"உங்கம்மாவா?"

"எனக்கு இருபத்தி மூணு வயசுல பெரம்பலூர்ல கல்யாணம் ஆச்சு. ஒரு வருஷம்கூட இல்ல. அடி தாங்க முடியாம வந்துட்டேன், கோர்ட்ல முடிச்சாச்சு. முதல் தடவை பரிதி எங்கிட்ட பேச வந்தப்பவே இதைத்தான் சொன்னேன். உங்களுக்கு நடந்ததை அவரு சொன்னாரு. அப்பவே கையைப் பிடிச்சுக் கேட்டேன், மத்த யாருக்கும் தெரியாட்டி பரவாயில்ல, உங்க அக்காவுக்கு மட்டும் முதல்ல சொல்லிடுங்க, நீங்க சொல்லலைன்னா நான் அவங்க மூஞ்சியில முழிக்க முடியாதுன்னு." நிறுத்துகிறாள். "சொல்லிட்டேன்னாரு. அக்கா ரெண்டு நாள் பேசாம இருந்தாங்க, அப்புறம் சரின்னுட்டாங்கன்னாரு. சொல்றப்ப என் முகத்தைப் பாக்கல. அதான் அம்மாவை விட்டுக் கேக்கச் சொன்னேன். தெரியும்மா, அதனால என்னன்னு நீங்க சொல்லிட்டா போதும்னு இருந்துச்சு. நீங்க யாரு யாருன்னே கேட்டுக்கிட்டிருந்தீங்களாம், அம்மா பயந்து வச்சிட்டாங்க."

யாருங்க பேசறது. நீங்க யாரு. என் குரல் எனக்கே கேட்கிறது. அந்தக் குரலில் பாகப்பிரிவினைக்காரர்களை அதட்டுவேன். பரிதி எத்தனை முறை தோசைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து மூடியிருப்பான்? நான் இந்தக் குரலோடுதானே எதிரில் நின்றிருப்பேன். இருக்கட்டும், அதற்காக? என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவன், இவளிடம் நான் சரி என்றதாகச் சொல்லியிருக்கிறான். இரண்டு நாள் பேசாமல் இருந்தேனாம். எவ்வளவு அழகாக, எனக்கே பொருந்துகிற மாதிரி, என்னைச் செய்து வைத்திருக்கிறான். இவள் என் முகத்தையே பார்க்கிறாள். இப்போது என்ன கேட்கப்போகிறாள் என்று தெரிகிறது, கேட்காதே கேட்காதே என்று அடித்துக்கொள்கிறது. ஆமாம்மா, சொன்னான் என்று ஒரு வார்த்தை, எல்லாம் சரியாகிவிடும், கல்யாணம் நடக்கும், அவன் சந்தோஷமாக இருப்பான், நான் மண்டபத்து வாசலில் நின்று வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பேன். தெரிந்துகொண்டு சிரிக்கும் முகமாக.

"சொன்னாரா?" என்கிறாள்.

"இல்லம்மா. எங்கிட்ட எதுவும் சொல்லல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பொத்தானை விட்டுவிட்டாள், கை இரண்டும் மடியில் விழுந்து கிடக்கின்றன. "சரி" என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "சரி." ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும், அவன் கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி, உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை, என்னிடம் பயம். சொல்லலாம். தஞ்சாவூரிலும் மாமியார் இதைத்தான் சொன்னாள், அவன் கெட்டவன் இல்லம்மா, பயந்துட்டான். வாயை மூடிக்கொள்கிறேன். மேசைமேல் அவள் போன் அதிர்கிறது. எடுத்துப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள், பிறகு என் பக்கம் திருப்புகிறாள். இடது கண்ணுக்கு நேரே கொண்டுபோய்ப் படிக்கிறேன், அதில்தான் இன்னும் லென்ஸ் இருக்கிறது. பரிதி. 'இப்பதான் அக்காகிட்ட பேசினேன். உன்னைப் பத்திதான் பேச்சு. இந்த வாரமே உன்னைப் பாக்கணும்னு ஆசையா இருக்காங்க.'

இப்பதான்.

"என்ன பதில் போடட்டும் அக்கா?" என்கிறாள் சங்கவி. அக்கா என்று சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நான் கையை நீட்டுகிறேன். போனைக் கொடுக்கிறாள். ஒரு எழுத்து தப்பாக விழுகிறது, அழிக்கிறேன். 'பரிதி, நான் அக்கா. சங்கவி பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். எங்க இருந்தாலும் கிளம்பி இங்க வா.' அவளிடம் காட்டுகிறேன். படித்துவிட்டு, அனுப்புங்க என்று தலையை அசைக்கிறாள். அனுப்புகிறேன். இரண்டு டிக்கும் நீலமாகின்றன. படித்துவிட்டான். மேலே அவன் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறது, நிற்கிறது. மறுபடியும் எழுதுகிறான், மறுபடியும் நிற்கிறது. ஒன்றும் வரவில்லை. சங்கவி தன் முக்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள், இரண்டு பேரும் தலையைக் குனிந்து அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"வருவாரா?" என்கிறாள்.

"தெரியலம்மா" என்கிறேன்.